கல்வேலியும் களரியும்: நெடுந்தீவுக் குறிப்புகள்

நெடுந்தீவுப் பிள்ளைகளுக்குக் கலை பற்றி ஓர் அறிமுக வகுப்பு எடுக்கக் கேட்டிருக்கிறார்கள். காண்கலை, நிகழ்த்துகலை, சமகாலக் கலை மூன்றையும் தொட வேண்டுமாம். அதற்காக அவ்வப்போது எழுதிவைத்தவை இவை. ஒழுங்குபடுத்தவில்லை.

*

நமது பாடசாலைகளில் சாதாரண தரத்துக்குப் போகும் பிள்ளை சித்திரம், சங்கீதம், நடனம், நாடகமும் அரங்கியலும் என்ற அழகியற் பாடங்களில் ஒன்றைத்தான் எடுக்கலாம். அதோடு மற்றவை கைவிட்டுப் போகின்றன. சித்திரம் எடுத்த பெடியனுக்குக் கூத்து வேறு ஆட்களின் பாடம். நாடகம் எடுத்த பிள்ளை தூரிகையைத் தொடுவதில்லை.

கூத்தில் அரசனுக்கு முடி செய்து கண்ணாடித் துண்டு பதிப்பவர் யார்? முகத்தில் முத்துவெள்ளை பூசி மீசை எழுதுபவர் யார்? விடியப்புறத்து வெளிச்சத்தில் எந்த நிற உடுப்பு எடுபடும் என்று கணக்குப் பார்ப்பவர் யார்? ஆட்டம் தெரிந்தவருக்குள் ஒரு சித்திரக்காரர் இருந்தே ஆகவேண்டும். ஆகவே முதல் வேலை, இரண்டு வகுப்புப் பிள்ளைகளையும் ஒரே மண்டபத்தில் இருத்துவது. இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

*

எங்கே தொடங்குவது? பாடநூல் சிகிரியாவில் தொடங்கி அஜந்தாவுக்குப் போய் இத்தாலிய மறுமலர்ச்சிக்கு ஏறும். நல்ல வழிதான். ஆனால் அந்த வழியில் போகும் பிள்ளைக்கு, கலை என்பது எப்போதும் இன்னோர் இடத்தில், இன்னொரு காலத்தில், பெரிய ஆட்கள் செய்துமுடித்த காரியம் என்ற எண்ணம் படிந்துவிடுகிறது. பிள்ளை தினமும் பள்ளிக்கூடத்துக்கு நடக்கும் வழியில் என்ன நிற்கிறதோ அதிலிருந்து தொடங்கலாம். நெடுந்தீவில் அந்த வழி நெடுகக் கல்வேலி நிற்கிறது.

*

கல்வேலி.

தீவு முழுக்கப் பவளக்கல். மண் மெல்லியது, கொஞ்சம் கிண்டினாலே கல் தட்டுப்படும். அந்தக் கல்லை எடுத்து வளவுகளைச் சுற்றி அடுக்கியிருக்கிறார்கள். சாந்து இல்லை, சீமெந்து இல்லை. கல்லின் நிறையே கல்லைப் பிடித்து நிற்கிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் கிடுகு வேலி இருந்தது, பனையோலை வேலி இருந்தது, வெளிநாட்டுக் காசு வந்தபின் மதில் வந்தது. இங்கே தலைமுறை தலைமுறையாகக் கல்தான். மாடும் ஆடும் ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழிவந்த குதிரைகளும் வளவுக்குள் புகாமல் காப்பது அதன் வேலை. சோளகம் அடிக்கும் காலத்தில் கிட்டப்போய் நின்றால் காற்று இடைவெளிகளுக்குள்ளால் போவதைக் கேட்கலாம். காற்றை மறிக்காமல் விடுவதால் வேலி நிற்கிறது.

வகுப்புக்கு ஒரு பயிற்சி: வேலியில் ஒரு முழ அகலத்தை மட்டும் எடுத்து வரையவேண்டும். கல்லை வரையக்கூடாது. கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் உள்ள வெளியை மட்டும் வரையவேண்டும். காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று. பிள்ளைகள் முதலில் முறைப்பார்கள். வெளிகளை வரைந்து முடித்ததும் கல் தானாகத் தாளில் வந்துவிடும். பொருளைச் சுற்றியுள்ள வெற்றிடமும் ஓர் உருவம் என்பதைச் சொல்லி விளங்கவைக்க நெடுநேரம் பிடிக்கும். வரைந்தால் உடனே விளங்கும்.

*

அதே வகுப்பில் ஒரு படம் காட்டவேண்டும். அண்டி கோல்ட்ஸ்வேர்தி என்ற பிரித்தானியக் கலைஞர் 1997-98 இல் நியூயோர்க் மாநிலத்தில் ஸ்ரோர்ம் கிங் என்ற திறந்தவெளிக் கலைமையத்தில் செய்த வேலை. சாந்து இல்லாத கல்வேலிதான். ஏறத்தாழ 2,278 அடி நீளம். பழைய பண்ணை வேலி ஒன்றின் சிதைவு அங்கே கிடந்தது. அதைத் தொட்டுத் தொடங்கி, மரங்களை வெட்டாமல் ஒவ்வொன்றையும் வளைந்து சுற்றிக்கொண்டு போய், குளத்துக்குள் இறங்கி, மறுகரையில் ஏறும். கல் அடுக்கியவர்கள் பிரித்தானியாவிலிருந்து போன வேலிகட்டும் தொழிலாளர்.

பிள்ளைகள் கேட்கப்போகும் கேள்வி எனக்கு இப்போதே கேட்கிறது: "அப்ப எங்கட வேலியும் கலையோ, சேர்?"

ஓம் என்று சொல்லிக் கைதட்டு வாங்குவது சுகம். நான் அப்படிச் சொல்லப்போவதில்லை. நெடுந்தீவில் வேலி அடுக்கிய கைகளின் திறமை ஸ்ரோர்ம் கிங்கில் அடுக்கிய கைகளின் திறமைக்கு ஒரு பிடியும் குறைந்ததில்லை. இதை அழுத்திச் சொல்லவேண்டும். ஆனால் நமது வேலி மாட்டை மறிக்கக் கட்டியது, மறித்தது, அதோடு அதன் காரியம் முடிந்தது. கோல்ட்ஸ்வேர்தியின் வேலி எதையும் மறிக்கவில்லை. ஏன் வளைகிறாய், ஏன் மரத்துக்கு வழிவிடுகிறாய், எல்லை என்றால் என்ன என்று பார்ப்பவர் கேட்கவேண்டும் என்பதற்காகவே கட்டியது. கைத்திறன் ஒன்று, பார்ப்பவர்முன் கேள்வியொன்றை நிறுத்துவது இன்னொன்று. சமகாலக் கலையில் இரண்டாவதற்கு இடம் பெரிது. பதினைந்து வயதுப் பிள்ளை இதை நன்றாகவே பிடித்துக்கொள்ளும். வளர்ந்தவர்கள்தான் சண்டைக்கு வருவார்கள்.

நாளைக்கு ஒரு நெடுந்தீவுப் பிள்ளை, ஆளில்லாத வளவொன்றின் விழுந்த வேலியை எடுத்து, வேண்டுமென்றே வேறொரு வடிவில் அடுக்கினால்? வெளிநாடு போன குடும்பத்தின் வாசலை அந்தக் கல்லாலேயே மூடி அடுக்கினால்? அது கலை. அதற்குப் பெயர் நிறுவற்கலை. அந்தப் பிள்ளைக்கு வேண்டிய கைத்திறன் ஏற்கனவே வீட்டில் இருக்கிறது.

*

1917: மார்செல் டுஷாம்ப் ஒரு சிறுநீர்க்கலத்தில் வேறொரு பெயரைக் கையொப்பமாக இட்டு நியூயோர்க் கண்காட்சிக்கு அனுப்பினார். கட்டணம் கட்டிய எவருடைய படைப்பையும் ஏற்போம் என்று அறிவித்த சங்கம் அது. ஆனாலும் அதைக் காட்சிக்கு வைக்கவில்லை. வகுப்பில் சிரிப்பு எழும். எழட்டும். சிரித்து முடிந்தபின் கேட்கவேண்டியது: எல்லாவற்றையும் ஏற்போம் என்றவர்கள் ஏன் இதை ஒளித்தார்கள்? அந்த இடத்திலிருந்துதான் நவீன கலையின் பாதி விவாதம் தொடங்குகிறது.

*

1967: றிச்சர்ட் லோங், அப்போது லண்டனில் கலைப்பள்ளி மாணவர். புல்வெளியொன்றில் ஒரே நேர்கோட்டில் போவதும் வருவதுமாக நடந்தார். புல் மிதிபட்டு ஒரு கோடு தெரிந்தது. படம் எடுத்தார். அவ்வளவுதான் படைப்பு. செலவு இல்லை, பொருள் இல்லை. குதிரைகள் மேயும் வெளியில் இதைச் செய்துபார்க்கலாம். நடந்தது யார், கோடு யாருடையது, மழை வந்து புல் எழும்பியபின் படைப்பு எங்கே? காண்கலையும் நிகழ்த்துகலையும் இங்கே ஒன்றாகிவிடுகின்றன. பாடத்தெரிவுப் படிவத்தில் இதற்குக் கட்டம் இல்லை.

*

டெல்ஃப்ற்.

1658 இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தார்கள். பிடித்த தீவுகளுக்குத் தங்கள் ஊர்ப் பெயர்களைச் சூட்டினார்கள். காரைதீவு அம்ஸ்ரர்டாம் ஆயிற்று. வேலணை லெய்டன், புங்குடுதீவு மிடில்பேர்க், நயினாதீவு ஹார்லெம், நெடுந்தீவு டெல்ஃப்ற். மற்றப் பெயர்கள் பெரும்பாலும் ஏட்டோடு போயின. டெல்ஃப்ற் மட்டும் இன்றும் அரச கடிதத்திலும் ஆங்கில வரைபடத்திலும் உட்கார்ந்திருக்கிறது.

ஏறத்தாழ அதே ஆண்டுகளில், 1660-61 அளவில், அந்த மூல டெல்ஃப்ற் நகரத்தில் யொஹான்னஸ் வெர்மேயர் தன் ஊரை வரைந்தார். 'டெல்ஃப்ற் நகரக் காட்சி' இப்போது ஹேக் நகரத்து மௌரிற்ஸ்ஹவுஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முன்னால் தண்ணீர், இக்கரையில் நின்று பேசும் சில ஆட்கள், எதிர்க்கரையில் மதில், கூரைகள், கோபுரம், ஓரத்தில் படகுகள். பாதிக்கு மேல் வானம். மேகத்தின் நிழல் ஊரின் முன்பகுதியில் விழ, பின்னால் ஒரு கூரையில் வெயில் அடிக்கிறது. மழை இப்போதுதான் விட்டதோ என்று நினைக்க வைக்கும் ஈரம்.

ஓர் ஊர் தன்னைத் தானே எவ்வளவு அன்போடு பார்க்கமுடியும் என்பதற்கு அந்த ஓவியம் சாட்சி. அதே மக்களின் வணிகக் கம்பனி கடல்கடந்து வந்து நம் தீவைப் பார்த்தபோது கண்டது என்ன? குதிரை வளர்க்கத் தோதான நிலம், வரி, துறைமுகக் காவல். யாழ்ப்பாணத்தில் போதகராக இருந்த பிலிப்புஸ் பல்தேயஸ் 1672 இல் அச்சிட்ட பெரிய நூலில் குடாநாட்டுத் தேவாலயங்களின் செப்புத்தகட்டுப் படங்கள் வருகின்றன. நமக்கு அவை விலைமதிக்க முடியாத ஆவணங்கள். ஆனாலும் அவை வென்றவர்கள் தங்கள் உடைமையைப் பார்த்த படங்கள்.

ஆகவே இரண்டாவது பயிற்சி: மாவிலித்துறையை, படகிலிருந்து பார்ப்பதுபோல வரைவது. வெர்மேயர் செய்ததுபோலப் பாதிக்கு மேல் வானத்துக்குக் கொடுக்கவேண்டும். கடலும் பனைவரிசையும் இறங்குதுறையும் காத்துநிற்கும் சனமும் மிச்சத்துக்குள் அடங்கவேண்டும். அந்த ஊரின் பெயரை முந்நூற்றைம்பது ஆண்டுகளாகச் சுமக்கும் தீவுக்கு, அதன் பிள்ளை வரைந்த காட்சி ஒன்று வேண்டும். தலைப்பு 'நெடுந்தீவுக் காட்சி'. டெல்ஃப்ற் என்று போட வேண்டாம்.

*

தீவில் நிற்கும் புறாக்கூடு. பவளக்கல்லால் கட்டி, உள்ளே சிறுசிறு மாடங்கள் விட்டது. செய்தி கொண்டுபோகும் புறாக்களை வைத்திருந்த இடம். சிற்பம் என்றால் என்ன என்று கேட்கும் பிள்ளையை இதைச் சுற்றி நடக்கவிடலாம். எந்தப் பக்கம் நின்றால் நிழல் மாடங்களை நிரப்புகிறது என்று மட்டும் எழுதிவரச் சொன்னால் போதும்.

*

வெடியரசன்.

கண்ணகியின் காற்சிலம்புக்கு நாகமணி வேண்டும். அதை எடுத்துவர மீகாமன் கப்பலேறிப் புறப்படுகிறான். நாகமணி உள்ள தீவுகளின் அரசன் வெடியரசன் வழிமறிக்கிறான். கடற்போர் மூள்கிறது. வெடியரசனின் தம்பிமார் விளங்குதேவனும் வீரநாராயணனும் கதைக்குள் வருகிறார்கள். சிலப்பதிகாரத்தில் இந்தக் கதை இல்லை. ஈழத்தின் வடக்கிலும் கிழக்கிலும் கண்ணகி வழிபாட்டோடு சேர்ந்து வளர்ந்தது. பாட்டாக, ஏடாக, ஆட்டமாக.

நெடுந்தீவில் இரண்டு இடிபாடுகள் உண்டு. ஒன்றை ஊர் வெடியரசன் கோட்டை என்கிறது. மற்றதை மீகாமன் கோட்டை என்கிறது. முதலாவது பௌத்த தாதுகோபங்களின் எச்சம் என்பது தொல்லியலாளர் கருத்து. இரண்டாவது போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்து ஐரோப்பியக் கோட்டை, பவளக்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு தடித்த சுவர் வைத்துக் கட்டியது. கதையில் மோதிக்கொண்ட இருவர் பெயரையும், வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு மக்கள் கட்டிய இரண்டு கட்டடங்களுக்குச் சனம் வைத்திருக்கிறது. பாடிப்பாடி, ஆடியாடி, தீவையே களரியாக்கி ஆளுக்கொரு பக்கம் நிறுத்திவிட்டார்கள். நிகழ்த்துகலையின் பலம் என்ன என்று ஒரு வகுப்பில் சொல்ல இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கப்போவதில்லை.

தொல்லியல் சொல்வதையும் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும். தமிழரிடையே பௌத்தம் இருந்தது, மணிமேகலை நமது நூல், அது சொல்லும் மணிபல்லவம் பக்கத்து நயினாதீவுதான் என்று கொள்வோர் பலர். பௌத்த எச்சம் என்றதும் நமதல்ல என்று ஒதுங்கிப்போவது நமக்கே நட்டம். வரலாற்றுக்கு ஒரு காது, கூத்துக்கு ஒரு காது. இரண்டும் திறந்திருக்கட்டும்.

*

கூத்து பற்றிப் பிள்ளைகள் அறியவேண்டிய சில.

அண்ணாவியார் இல்லாமல் கூத்து இல்லை. ஏடு அவரிடம், மத்தளம் அவரிடம், யார் எந்தப் பாத்திரத்துக்கு என்ற தீர்ப்பும் அவரிடம். மாதக்கணக்கில் இரவுப் பழக்கம் நடக்கும். பிற்பாட்டுக்காரர் தாங்கிப் பிடிக்காவிட்டால் கூத்தன் தனியே ஒரு வரியும் தாண்டமாட்டான். அரசன் களரிக்கு வரும்போது தன் வரவைத் தானே பாடி அறிவிப்பான். நடிகன் பாத்திரமாக மாறிவிட்டதாகப் பாவனை செய்யத் தேவையில்லாத அரங்கு இது. இருபதாம் நூற்றாண்டில் பேர்டோல்ட் பிரெக்ட் ஐரோப்பிய நாடகத்துக்குள் வாதாடிக் கொண்டுவந்த பல காரியங்கள் நம் களரியில் வழமையாகவே இருந்தன. பெருமையடிக்கச் சொல்லவில்லை. பிரெக்டைப் படிக்கும்போது நம் பிள்ளைக்கு அது அந்நியமாக இருக்கத் தேவையில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

குடாநாட்டில் மிகப் பரவலாக ஆடப்பட்டது காத்தவராயன் கூத்து, சிந்துநடை. கத்தோலிக்க ஊர்களில் ஞானசௌந்தரி, எஸ்தாக்கியார், மூவிராசாக்கள். சைவமும் கத்தோலிக்கமும் சேர்ந்து வாழும் நெடுந்தீவு போன்ற ஊருக்கு இரண்டு மரபும் சொந்தம். பக்கத்து மதத்தின் கூத்தை இருந்து பார்க்கும் வழக்கம் பல சமாதானக் கூட்டங்கள் செய்யாததைச் செய்திருக்கிறது.

*

கூத்தை மேடைக்குக் கொண்டுவந்த கதையைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும்.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1950களின் கடைசியிலிருந்து கூத்தைத் தேடிப்போனார். ஊர் ஊராக அண்ணாவிமாரைக் கண்டார். மன்னார்ப் பக்கத்து ஏடுகளைப் பதிப்பித்தார். பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக்கொண்டு கர்ணன் போர், நொண்டி நாடகம், இராவணேசன், வாலிவதை என்று வரிசையாக மேடையேற்றினார். விடியவிடிய ஆடும் கூத்து ஓரிரண்டு மணித்தியாலத்துக்குள் சுருங்கியது. வட்டக்களரியில் நாலாபக்கமும் பார்த்து ஆடியவர்கள் ஒரு பக்கம் இருந்து பார்க்கும் சபைக்கு ஆடினார்கள். அதிலிருந்து சி. மௌனகுரு வந்தார். அவருடைய 'சங்காரம்' பழைய ஆட்டத்துக்குள் புதிய உள்ளடக்கத்தை வைத்தது. மாவிட்டபுரம் ஆலயப் பிரவேசப் போராட்டக் காலத்தில் என்.கே. ரகுநாதனின் 'கந்தன் கருணை' சாதிக்கொடுமையைக் களரிக்குக் கொண்டுவந்தது. 1978 இல் குழந்தை ம. சண்முகலிங்கம் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கினார். 1985 இல் அவர் எழுதி க. சிதம்பரநாதன் நெறிப்படுத்திய 'மண் சுமந்த மேனியர்' வந்தது. நம் நவீன அரங்கின் முதுகெலும்பு இந்த வரிசை.

ஆனால் ஒரு விலை கொடுத்தோம். மேடையும் பல்கலைக்கழகமும் எடுத்துக்கொண்டபின், ஊர்க்களரி பார்ப்பாரற்றுப் போயிற்று. கூத்து ஊரின் வேலையாக இருந்தது போய் விழாவின் நிகழ்ச்சியாயிற்று. மட்டக்களப்புச் சீலாமுனையில் சி. ஜெயசங்கரும் நண்பர்களும் கூத்து மீளுருவாக்கம் என்று வேறு வழியில் போனார்கள். கூத்தை வெளியே எடுத்துவராமல், ஊருக்குள்ளேயே இருந்து, அண்ணாவியாரோடும் கூத்தரோடும் பெண்களோடும் பேசிப்பேசி, சாதியும் பெண்ணும் பற்றிக் கூத்துக்குள் இருக்கும் பழுதை ஊரே மாற்றும்படி செய்த முயற்சி.

நெடுந்தீவுக்கு எது? எனக்குத் தயக்கம் இல்லை, சீலாமுனை வழிதான். வித்தியானந்தன் இல்லாவிட்டால் கூத்து என்ற சொல்லுக்கே படித்தவர்களிடம் மதிப்பு வந்திராது, அவர் கடன் தீராது. ஆனால் நாலாயிரத்தைச் சுற்றிச் சனம் வாழும் தீவுக்கு, கொழும்பிலிருந்து இரண்டு மணித்தியாலக் கூத்தொன்று வந்து ஆடிவிட்டுக் கடைசிப் படகில் போவதால் எதுவும் முளைக்காது. இங்கே இருக்கும் கிழவர் ஒருவரிடம் மிச்சமிருக்கும் நாலு தருப்பாட்டைப் பிள்ளைகள் வாங்கிக்கொள்வதில் முளைக்கும்.

*

அம்பாப் பாட்டு. வலை இழுக்கும்போது பாடுவது. ஒருவர் எடுக்க மற்றவர்கள் வாங்குவார்கள், இழுவையும் தாளமும் ஒன்று. இயந்திரப் படகு வந்தபின் தேவை குறைந்தது, பாட்டும் குறைந்தது. கைபேசியில் பதிவுசெய்து வரச்சொல்லலாம். தாத்தாவிடம் கேட்டால் வெட்கப்படுவார், அம்மம்மாவிடம் கேட்டால் பாடிக்காட்டுவார்.

*

தமிழ்த் தினப் போட்டி. பிள்ளைகள் நாடகத்தைப் பெரும்பாலும் போட்டியாகத்தான் அறிகிறார்கள். வலயத்தில் முதலிடம், மாகாணத்தில் இரண்டாமிடம். புள்ளி வாங்கும் நாடகத்துக்கு ஒரு வார்ப்பு உண்டு: கூட்டாக நின்று கை உயர்த்துதல், ஒரே குரலில் கேள்வி கேட்டல், கடைசியில் உறைந்து நிற்றல். போட்டி இல்லாத ஒரு நாடகத்தையாவது ஒவ்வொரு பிள்ளையும் ஆண்டுக்கு ஒருமுறை செய்யவேண்டும். பார்ப்பவர்கள் அயலார், மேடை ஒரு வளவு, புள்ளி இல்லை.

*

திருமறைக் கலாமன்றம், 1965. நீ. மரிய சேவியர் அடிகள் தொடங்கியது. திருப்பாடுகளின் காட்சியைப் பெரும் அரங்காக்கியவர்கள். அதோடு நிற்காமல் கூத்தும் இசைநாடகமும் ஓவியமும் ஒரே கூரைக்குள் கொண்டுவந்தார்கள். 'கலைமுகம்' இதழை யுத்த காலத்திலும் விடாமல் நடத்தினார்கள். 2021 இல் அடிகள் மறைந்தார். கலைகளைப் பிரித்துவைக்காத ஒரு நிறுவனம் எப்படி இருக்கும் என்பதற்கு நம்மிடம் உள்ள சிறந்த முன்மாதிரி.

*

அ. மாற்கு. குருநகரில் 1933 இல் பிறந்தவர், 2000 இல் இறந்தார். யாழ்ப்பாணத்தின் நவீன ஓவியம் என்றால் அவர் பெயரில் தொடங்கவேண்டும். படித்துக்கொடுத்தே வாழ்ந்தார். வாசுகியும் அருந்ததியும் தா. சனாதனனும் அவரிடம் பழகியவர்கள். போரிலும் இடப்பெயர்விலும் அவருடைய ஓவியங்கள் பல தொலைந்தன. ஒரு கலைஞரின் வாழ்நாள் வேலை ஒரு நகரத்தின் ஓட்டத்துக்குள் சிதறிப்போனதை நாம் போதிய அளவு துக்கித்ததாக எனக்குத் தெரியவில்லை. அவர் மாணவர்களின் கைகளில் அவர் கற்றுத்தந்தது தப்பியது.

*

தா. சனாதனன்.

சமகாலக் கலை என்றால் என்ன என்று ஒரே உதாரணத்தில் சொல்லச் சொன்னால் அவருடைய தோம்பு நூலைத்தான் எடுப்பேன். தோம்பு என்பது ஒல்லாந்தர் காலத்துக் காணிப்பதிவேடு. யாருக்கு எத்தனை பரப்பு, என்ன மரம், என்ன வரி. சனாதனன் அந்தப் பெயரை எடுத்து, முற்றுப்பெறாத தோம்பு என்று ஆங்கிலத் தலைப்பிட்டு 2011 இல் ஒரு நூல் செய்தார். போரில் வீடு இழந்த தமிழ்பேசும் 80 பேரிடம், விட்டுவந்த வீட்டின் வரைபடத்தை நினைவிலிருந்து வரையக் கேட்டார். அவர்கள் வரைந்தது ஒரு தாள். அதைக் கட்டடக்கலைஞர் அளவோடு திருத்தி வரைந்தது இன்னொரு தாள். அந்த வீட்டுக்காரர் சொன்ன கதையிலிருந்து சனாதனன் வரைந்த சித்திரம் வேறொரு தாள். கோப்பு ஒன்றைத் திறப்பதுபோல நூலைத் திறக்கவேண்டும். கிணறு எங்கே, சாமியறை எங்கே, மாமரம் எங்கே என்று நடுங்கும் கோட்டில் வரைந்த தாள்களைப் பார்க்கும்போது, அரசின் பதிவேட்டில் இல்லாத சொத்து எது என்று விளங்குகிறது.

அதற்கு முன் 2004 இல், எரிக்கப்பட்டு மீண்டும் கட்டப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் 'அகம் புறம்' என்ற கண்காட்சி நடந்தது. தீர்த்த கலைஞர் குழு ஒழுங்குசெய்தது. யாழ்ப்பாணத்து வீடுகளிலிருந்து சனம் கொடுத்த பொருட்களைச் சேர்த்து சனாதனன் அங்கே காட்சிக்கு வைத்தார். 1981 இல் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்த இடத்தில், வீடுகளில் தப்பிக்கிடந்த சின்னஞ்சிறு பொருட்களே புத்தகமாக அடுக்கப்பட்டன. இடமும் பொருளும் சேர்ந்தே பேசும் கலை எது என்று கேட்கும் பிள்ளைக்கு இதைச் சொல்லலாம்.

நெடுந்தீவில் இதன் தொடர்ச்சியாக என்ன செய்யலாம்? கூரை விழுந்த வீடுகளுக்குக் குறைவில்லை. ஒவ்வொரு பிள்ளையும் அப்படியொரு வீட்டை எடுத்து, அதில் இருந்தவர்களை ரொறன்ரோவிலோ பாரிசிலோ தொலைபேசியில் பிடித்து, எந்த அறை எது என்று கேட்டு வரையட்டும். போனை வைக்க மாட்டார்கள், அழுவார்கள், இன்னும் சொல்வார்கள்.

*

குமுதினி.

1985 மே 15. நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போன குமுதினிப் படகைக் கடலில் மறித்து, குழந்தைகள் உட்படப் பயணிகளை வெட்டிக் கொன்றார்கள். தீவில் இதைத் தொடாத குடும்பம் இல்லை. ஒவ்வோர் ஆண்டும் நினைவுகூருகிறார்கள். அந்தப் படகு அதற்குப் பிறகும் சனத்தை ஏற்றி ஓடியது.

இதைப் பிள்ளைகள் கலையாக்கலாமா? ஆக்கலாம். ஆனால் கத்தியும் சிவப்புச் சாயமும் அலறலுமாக மேடையேற்றுவதை நான் விரும்பவில்லை. செத்தவர்களை மறுபடியும் கொல்வதைப் பார்க்க அவர்களின் பிள்ளைகளை முன்வரிசையில் இருத்துவது முறையில்லை. கொலம்பியக் கலைஞர் டொரிஸ் சல்செடோ தன் நாட்டில் காணாமற்போனோருக்காகவும் கொல்லப்பட்டோருக்காகவும் வாழ்நாள் முழுக்க வேலைசெய்தவர். 2003 இல் இஸ்தான்புல்லில் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே இருந்த வெற்றிடத்தை ஏறத்தாழ 1,550 மரக் கதிரைகளால் நிரப்பினார். ஒரு மனித உருவம் இல்லை, ஒரு துளி இரத்தம் இல்லை. ஒவ்வொரு கதிரையிலும் இருந்திருக்க வேண்டிய ஒருவரை நாமே நினைத்துக்கொள்கிறோம். துயரத்தைக் காட்டுவதற்கும் துயரத்துக்கு இடம் கொடுப்பதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பிள்ளைகள் இதில் படிக்கலாம். குமுதினிக்கு அப்படியொரு வடிவத்தை நெடுந்தீவில் வளரும் ஒருவர்தான் கண்டெடுக்க முடியும். வெளியிலிருந்து வருபவர் அவசரப்படக்கூடாது, நானும்தான்.

*

தீவார் நடித்தது.

அல்லைப்பிட்டியில் பிறந்த ஷோபாசக்தி முதன்மைப் பாத்திரத்தில் நடித்த 'தீபன்' 2015 இல் கான் திரைப்பட விழாவின் தங்கப்பனை விருதை வென்றது. நெடுந்தீவைப் பூர்வீகமாகக் கொண்ட கவிஞர் வ.ஐ.ச. ஜெயபாலன் 'ஆடுகளம்' படத்தில் பேட்டைக்காரனாக வந்து இந்திய தேசிய விருதில் சிறப்புப் பாராட்டுப் பெற்றார். 'நெடுந்தீவு ஆச்சிக்கு' என்ற கவிதை அவருடையது. லண்டனில் க. பாலேந்திராவின் தமிழ் அவைக்காற்று கலைக் கழகம், 1978 இல் இலங்கையில் தொடங்கியது, அங்கே போயும் ஓயவில்லை. ரொறன்ரோவில் மனவெளி கலையாற்றுக் குழு. தீவுப் பிள்ளைகளில் எத்தனை பேர் இவற்றைப் பார்த்திருப்பார்கள்? பெருந்திரை அங்கே இல்லை, கலைக்கூடமும் இல்லை.

*

இதுதான் என் மனதை அரிப்பது. நெடுந்தீவைப் படமெடுத்தவர்கள், வரைந்தவர்கள், ஆவணப்படம் செய்தவர்கள் பலர். குதிரை, பெருக்கமரம், கல்வேலி எல்லாம் கொழும்புச் சுவர்களிலும் வெளிநாட்டுத் திரைகளிலும் தொங்கிவிட்டன. அந்தப் படைப்புகள் திரும்பக் குறிகட்டுவானில் படகேறி வந்ததில்லை. தீவு எடுத்துச்செல்லும் பொருளாக மட்டும் இருக்கிறது. கலைஞர் வந்து இறங்கி, பார்த்து, பதிந்து, போய்விடுகிறார். எதிரே நின்று வேடிக்கை பார்த்த பிள்ளைக்கு, தன்னைப் பார்த்தவர் என்ன கண்டார் என்பதே தெரியாது.

கடல் ஒரு மணித்தியாலம்தான். சட்டமிட்ட ஓவியம் வரமுடியாவிட்டால் சுருட்டிய தாள் வரும். திரை இல்லாவிட்டால் வெள்ளை அடித்த சுவர் போதும். மின்சாரம் போனால் கூத்துக்குப் பெற்றோல்மாக்ஸ் பழக்கம்தான்.

ஆகவே இதை வாசிக்கும் ஓவியர்களிடமும் அரங்கக்காரரிடமும் படமெடுப்போரிடமும் கேட்கிறேன். நெடுந்தீவைப் பற்றி ஏதாவது செய்திருந்தால், அடுத்த மாசி, பங்குனியில், கடல் படிந்திருக்கும் நாட்களில், அதை எடுத்துக்கொண்டு வாருங்கள். ஒரு பின்னேரம் காட்டிவிட்டுப் போகாமல் ஒரு கிழமை தங்குங்கள். புலம்பெயர்ந்த தீவார் கோயில் திருவிழாவுக்கு அனுப்பும் காசில் ஒரு பங்கைச் சாயத்துக்கும் தாளுக்கும் மத்தளத்துக்கும் அனுப்புங்கள். இரண்டு வகுப்புப் பிள்ளைகளையும் ஒரே மண்டபத்தில் இருத்திவைக்கும் பொறுப்பு என்னுடையது.